சிக்னே செய்யாத ஜாம்

டெக்லா சன்டீனை ஹெல்மர் நூரெல் பகலில் 'நீங்க' என்பார். கதவைச் சாத்திய பிறகு 'நீ' என்பார். ஊருக்கே தெரிந்த ரகசியம் இது. தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வதில் எங்கள் ஹெல்சிங்லாந்துக்காரர்களை மிஞ்ச ஸ்வீடன் முழுக்கத் தேடினாலும் ஆள் கிடைக்காது.

ஒரே ஒரு தடவை வாய் தவறியது. பாதிரியார் காப்பி குடிக்க வந்திருந்தார். டெக்லா ரொட்டித் தட்டைக் கொண்டுவந்து வைத்தபோது ஹெல்மர், "கொஞ்சம் நீயும் உக்காரேன்" என்றுவிட்டார். சொன்ன மறுநொடி முகம் வெளிறி, அடுப்போரமாகக் கிடந்த பூனையின் பக்கம் திரும்பி, "உன்னத்தான், உக்காரு" என்றார். பூனை ஏற்கெனவே படுத்துத்தான் இருந்தது. பாதிரியார் காப்பியைக் கலக்கிக்கொண்டே, "சொன்ன பேச்சு கேக்கற பூனை" என்றார். டெக்லா சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போதெல்லாம் அவளால் அதற்குச் சிரிக்க முடிந்தது.

அந்தக் காலத்தில் எங்களிடம் 'நீ' என்பது சும்மா கிடைக்கிற வார்த்தை இல்லை. வயதிலோ வசதியிலோ மேலே இருப்பவர் பார்த்துக் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. நாலு பேர் முன்னால் கிளாஸை உயர்த்தி, "நான் ஹெல்மர்" என்று அவர் சொல்ல வேண்டும். "நான் டெக்லா" என்று இவள் சொல்ல வேண்டும். இருவரும் குடிக்க வேண்டும். அதோடு ஐயா, அம்மா எல்லாம் இறக்கி வைத்தாயிற்று. அப்புறம் சாகும்வரை நீ, நான்தான். வேலைக்கு வந்தவளுக்குப் பண்ணைக்காரர் அதைக் கொடுத்தால், அதுவும் பெற்ற பிள்ளைகள் முன்னால் கொடுத்தால், ஊர் அதற்கு ஒரே அர்த்தம்தான் வைக்கும். டெக்லா மோதிரம் கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. அந்த ஒரு கிளாஸைத்தான் கேட்டாள்.

அவள் அந்தப் பண்ணைக்கு வந்தது யுத்த காலத்தில். எங்கள் நாட்டுக்குள் யுத்தம் வரவில்லை, சர்க்கரைக்கு ரேஷன் மட்டும் வந்தது. ஹெல்மரின் மனைவி சிக்னே சளிக் காய்ச்சல் முற்றிச் செத்துப்போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. மகன் ஸ்டூரேவுக்குப் பன்னிரண்டு வயது, மகள் குன்வோருக்கு ஒன்பது. டெக்லாவுக்கு முப்பது தாண்டியிருந்தது. மரமறுக்கும் ஆலையில் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தவள், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள மாதச் சம்பளத்துக்கு வந்தாள்.

பிள்ளைகள் அவள் சமைத்ததைத் தொடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு வெறும் ரொட்டியைத் தின்றார்கள். டிசம்பர் வந்ததும் ஸ்டூரே அறிவித்துவிட்டான்.

"அம்மா ஜாம் இல்லாம எங்களுக்கு கிறிஸ்துமஸ் கிடையாது."

"அம்மா எப்படிச் செய்வாங்கன்னு சொல்லு, செஞ்சு தரேன்."

"உங்களால முடியாது."

எங்கள் காடுகளில் லிங்கான் என்று ஒரு பழம் உண்டு. பட்டாணி அளவு, ரத்தச் சிவப்பு, பச்சையாகத் தின்றால் பல் கூசும். செப்டம்பரில் பறித்து, வெறும் தண்ணீரில் போட்டு நிலவறையில் வைத்தால் குளிர்காலம் முழுக்கக் கெடாது. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அதில் கொஞ்சத்தை எடுத்து, பட்டை, ஏலம் போட்டுக் காய்ச்சுவது சில வீடுகளில் வழக்கம். பன்றித் தொடைக்கும் அது வேண்டும், அரிசிக் கஞ்சிக்கும் வேண்டும். சிக்னே எப்படிக் காய்ச்சினாள் என்று டெக்லா பக்கத்துப் பண்ணை அம்மாளைப் போய்க் கேட்டாள்.

"சிக்னேவா? கிராம்பை அள்ளி அள்ளிப் போடுவா," என்றாள் அந்த அம்மாள். "வேற ஒண்ணும் தெரியாது பாவம் அவளுக்கு. செத்தவளைப் பத்திக் குறை சொல்லக் கூடாது, ஆனா அதைச் சாப்பிட்டா பல் டாக்டர்கிட்ட போய்ட்டு வந்த மாதிரி இருக்கும்."

டெக்லா நம்பாமல் ஒரு சின்னப் பாத்திரத்தில் அப்படியே செய்து பார்த்தாள். நாக்கு மரத்துப்போனது. பன்றிகளுக்குப் போட்டாள், பன்றிகளே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் தின்றன. பிறகு மிச்சமிருந்த ரேஷன் சர்க்கரையை வைத்துத் தன் வழியில் செய்தாள். அதற்கு நாரத்தை மாதிரிக் கசக்கிற ஒரு ஆரஞ்சின் உலர்ந்த தோல் வேண்டும். அதை ராத்திரியே ஊறவைத்து, உள்பக்க வெள்ளையைக் கரண்டியால் சுரண்டி எறிந்து, நூலாக நறுக்கி, ஒரே ஒரு கொதி கொதிக்கவிட்டுத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். இரண்டாவது முறை கொட்டினால் கசப்பு முழுக்கப் போய்விடும், பிறகு என்ன இருக்கிறது. ஏலத்தை இடித்துப் போட்டாள். கிராம்பு மூன்றே மூன்று. கரண்டியை உள்ளே விடாமல் பாத்திரத்தையே பிடித்து அசைத்து அசைத்து, பழம் உடையாமல் இறக்கினாள். சர்க்கரை கடைசியில்தான்.

மேஜையில் வைத்ததும் குன்வோர் எட்டிப் பார்த்தாள். "இது அம்மாவோடதா?"

அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தபோது டெக்லாவுக்கு வேறு பதில் வரவில்லை. "ஆமா கண்ணு. நிலவறையில பின்னால ஒரு ஜாடி இருந்துச்சு. அம்மா செஞ்சு வெச்சது."

பிள்ளைகள் அழுதுகொண்டே தின்றார்கள். மூன்று கிண்ணம் கஞ்சி உள்ளே போனது. ஹெல்மரும் ஒரு வாய் தின்றுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவரும் மனைவியை நினைத்துக் கலங்குகிறார் என்று டெக்லா எடுத்துக்கொண்டாள். ஒரு பொய்யில் மூன்று பேர் வயிறு நிறைந்தது என்றால் அந்தப் பாவம் தன்னோடு போகட்டும் என்று நினைத்தாள்.

அடுத்த வருஷம் ஜாடி தீர்ந்துபோயிற்று, ஆனால் அம்மாவின் பக்குவம் கிடைத்துவிட்டது என்றாள். அதிலிருந்து அது 'அம்மா ஜாம்' ஆகிவிட்டது. பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஸ்டூரே மரக் கம்பெனி ஆபீஸில் அதிகாரியானான், குன்வோர் டீச்சரானாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து, முதல் கரண்டியை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு, அம்மா கையை யாரும் அடிச்சுக்க முடியாது என்பார்கள். டெக்லா உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டு நிற்பாள். ஆரம்பத்தில் அதில் ஒரு ரகசிய சந்தோஷம் இருந்தது. பிறகு அது தேய்ந்துபோனது. கடைசியில் ஒரு செத்தவளுக்குத் தானே வருஷா வருஷம் பெயர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பது போலத் தோன்றியது. சிக்னே உயிரோடு இருந்த காலத்தில்கூட அவ்வளவு நன்றாகச் சமைத்ததில்லை.

இதற்கு நடுவில்தான் கதவைச் சாத்திய 'நீ'. வந்த ஆறாவது வருஷமோ என்னவோ அது தொடங்கியது. ஹெல்மர் கெட்டவர் இல்லை. கை ஓங்கியதில்லை, குடித்துவிட்டு உளறியதில்லை, அவள் முதுகு பிடித்துக்கொண்டால் தானே போய்ப் பசு கறந்துவிட்டு வருவார். ஆனால் விடிந்ததும் மறுபடி 'சன்டீனம்மா' ஆகிவிடுவாள். பிள்ளைகள் சின்னவங்க, கொஞ்சம் போகட்டும் என்றார். பிறகு பரீட்சை போகட்டும், பிறகு ஸ்டூரே கல்யாணம் போகட்டும். போகட்டும் போகட்டும் என்று டெக்லாவுக்கு ஐம்பது வயது வந்துவிட்டது.

அந்த வருஷ இலையுதிர் காலத்தில் நகரத்து ஆஸ்பத்திரிச் சமையலறைக்குத் தலைமைச் சமையல்காரி தேவைப்பட்டது. அங்கே வேலை செய்த அவளுடைய சித்தி மகள் சொல்லி அனுப்பினாள். டெக்லா அதை ஹெல்மரிடம் உடனே சொல்லவில்லை. டிசம்பரில் ஜாம் காய்ச்சுகிற அன்று காலையில்தான் சொன்னாள். அவர் வழக்கம்போல ஜாமிலிருந்து எடுத்த நுரையை ரொட்டியில் தடவிக்கொள்ள வந்து நின்றார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"ஆஸ்பத்திரியில என்னைக் கூப்பிடறாங்க," என்றாள், பாத்திரத்தை அசைத்துக்கொண்டே.

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. வேலைக்கு. ஜனவரியில சேரணும்."

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். "என்ன டெக்லா திடீர்னு? இங்க என்ன குறை?"

"குறை என்னன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். அதுக்கு நேரம்னு ஒண்ணு..."

"பூனைகிட்ட கொடுத்தியே, அந்த 'நீ'யை என்கிட்ட கொடு. பிள்ளைங்க முன்னாடி. இந்தக் கிறிஸ்துமஸுக்கு. இல்லேன்னா நான் போறேன். சண்டை போடல, சொல்றேன்."

ஹெல்மர் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அவள் ஒரு காலத்தில் விழுந்தது. "சரி. கஞ்சி வர்ற நேரத்துல கிளாஸைத் தூக்கறேன். போதுமா?"

"நிஜமாவா?"

"சொன்னா சொன்னதுதான். அதுக்கு முன்னாடி அந்த நுரையைக் கொடு, ஆறிடப் போகுது."

அன்று காய்ச்சிய ஜாம் மாதிரி அவள் அதற்கு முன் காய்ச்சியதில்லை. ஜாடியை மூடும்போது ஆரஞ்சுத் தோல் நூல்கள் கண்ணாடிக்குள் மினுங்கின. அவளுக்குப் பாட்டு வரும் என்று அந்த வீட்டுப் பசுக்களுக்கே அன்றுதான் தெரிந்திருக்கும். நகரத்துக்குப் போய்ச் சாம்பல் நிறத்தில் ஒரு ஆடை எடுத்தாள். கழுத்தில் சின்னதாக ஒரு வெள்ளைப் பட்டி. எதற்கு என்று கடைக்காரி கேட்டபோது, விருந்துக்கு என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தான் எங்களுக்குப் பெரிய விருந்து. ஸ்டூரே தன் காரில் தங்கையையும் ஏற்றிக்கொண்டு மத்தியானம் வந்து சேர்ந்தான். அவன் மனைவி பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தாள். நாலே பேர் மேஜை. டெக்லாவுக்கு எப்போதும் கதவோரத்து நாற்காலி, எழுந்து எழுந்து போக வசதியாக.

"புது டிரெஸ்ஸா டெக்லாக்கா?" என்றாள் குன்வோர். "நல்லா இருக்கு. ஆனா ஏப்ரன் கட்டிக்குங்க, கொழுப்பு தெறிச்சா போகாது."

ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். பன்றித் தொடை வந்தது, மீன் வந்தது, ஜாம் வந்தது. ஸ்டூரே முதல் கரண்டியை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்பா, இந்த வருஷம் என்னவோ அம்மாவே பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரி இருக்கு."

"ம்," என்றார் ஹெல்மர்.

பிறகு கஞ்சி. கஞ்சிப் பானைக்குள் ஒரே ஒரு பாதாம் போடுவது எங்கள் வழக்கம். அது யார் வாயில் அகப்படுகிறதோ அவருக்கு வருகிற வருஷத்துக்குள் கல்யாணம். டெக்லா தன் கையால் உரித்துப் போட்டிருந்தாள். எல்லோரும் கவனமாக மென்றார்கள்.

"எனக்கு வரக் கூடாது சாமி," என்றாள் குன்வோர். "எங்க ஹெட்மாஸ்டரைத் தவிர அங்க ஆம்பளையே கிடையாது."

"டெக்லாக்காவுக்கு வந்தா என்ன பண்றது?" என்றான் ஸ்டூரே. "ஊர்ல கிழவன் எவன் மிச்சமிருக்கான்? சர்ச்சுல மணியடிக்கிற ஆளு ஒருத்தன்தான். அவனுக்கும் காது கேக்காது."

"அதுவும் நல்லதுதான், டெக்லாக்கா பேசறது அதிகம்னு குறை சொல்ல மாட்டான்," என்று குன்வோர் சிரித்தாள்.

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அவர்கள் அவளை அவ்வளவாக யோசித்ததே இல்லை, அவ்வளவுதான். டெக்லா ஹெல்மரைப் பார்த்தாள். கிளாஸைத் தூக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. அப்போதுதான் அவருடைய தாடை ஒரு கணம் நின்றதைக் கண்டாள். வாயில் எதையோ நாக்கால் ஓரம் தள்ளினார். அவளைப் பார்க்கவில்லை. மெல்லாமல், சத்தமில்லாமல், விழுங்கினார்.

பானை காலியாயிற்று. "பாதாம் எங்க?" என்றாள் குன்வோர். "யாருக்குமே வரலையே."

"போட மறந்திருப்பாங்க," என்றான் ஸ்டூரே. "வயசாயிடுச்சில்ல. விடு."

ஹெல்மர் கையில் கிளாஸ் இருந்தது. அதை உயர்த்தினார். டெக்லா ஏப்ரனை மெல்ல அவிழ்த்து மடியில் வைத்தாள். 'நான் டெக்லா' என்று சொல்லும்போது குரல் உடையக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

"சிக்னேவுக்கு," என்றார் ஹெல்மர்.

பிள்ளைகள் கிளாஸை உயர்த்தினார்கள். "அம்மாவுக்கு." குடித்து முடித்து வைத்ததும் ஹெல்மர், முகத்தைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "சன்டீனம்மா, அந்த ஜாமைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்களேன்" என்றார்.

டெக்லா ஜாம் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். தள்ளவில்லை.

"இது உங்க அம்மா ஜாம் இல்ல," என்றாள். "உங்க அம்மா செஞ்சது ஒரு ஜாடிகூட இந்த வீட்ல இருந்ததில்ல. முதல் வருஷத்துலேர்ந்து இது என்னோடது."

குன்வோரின் கண் நிறைந்துவிட்டது. "ஏன் டெக்லாக்கா இப்படிப் பேசறீங்க? இன்னிக்குப் போயி? எங்ககிட்ட அம்மாவோடதுன்னு இருக்கறது இது ஒண்ணுதான், அதையும் எடுத்துக்கணுமா?"

"அப்பா, நிஜமா?" என்றான் ஸ்டூரே.

ஹெல்மர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "சன்டீனம்மாவுக்கு இன்னிக்கு அலைச்சல் ஜாஸ்தி. விடுங்க. அம்மா செய்வாளே, அதே ருசிதான் இது. எனக்குத் தெரியாதா?"

அதோடு விருந்து முடிந்தது. அன்று சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வருவது எங்கள் வழக்கம். பிள்ளைகள் போய்க் காரில் உட்கார்ந்தார்கள். ஹெல்மர் கோட்டு, தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு, கையுறையை எடுப்பதுபோலச் சமையலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார்.

"என்ன டெக்லா நீ, நல்ல நாளும் அதுவுமா," என்றார், மெல்லிய குரலில். "சொல்லத்தான் நினைச்சேன். ஸ்டூரே அம்மா பேச்சை எடுத்த பிறகு எப்படி வாய் வரும், சொல்லு."

"கிளாஸை நான் கேக்கல. அது போச்சு. அதே ருசின்னு சொன்னியே, நீ நிஜமாவே அப்படித்தான் நம்பிட்டிருக்கியா? அவ செஞ்சதுன்னு?"

அவருக்கு லேசாகச் சிரிப்பே வந்துவிட்டது. "நம்பறதாவது. முதல் வருஷமே எனக்குத் தெரியுமே. பதிமூணு வருஷம் அவ ஜாமைத் தின்னவன்டி நான். அந்தக் கிராம்பு நாத்தத்துக்கு எங்க நாய்கூட எழுந்து போயிடும். நீ வெச்ச அந்த முதல் வாயைத் தின்னுட்டு, ஆகா, இவ கைகாரின்னு நினைச்சுக்கிட்டு ஜன்னலைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லல."

"எதுக்குச் சொல்லணும்? பிள்ளைங்க சாப்பிட்டாங்க, வீடு அமைதியா இருந்துச்சு. நீயாத்தானே ஆரம்பிச்சே. உன் பேர்ல வெச்சிருந்தா தொட்டிருப்பாங்களா? நான் அதைக் கெடுக்காம காப்பாத்தினேன்னு வெச்சுக்கோயேன்."

வெளியே கார் ஹார்ன் அடித்தது. "வந்து பேசிக்கலாம்," என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

டெக்லா தட்டுகளைக் கழுவினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருஷமும் அவர் நம்புகிறார், பாவம், நான்தான் அவர் மனசு கோணாமல் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தாள். அது ஒன்றுதான் அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த பெருமை. அவரோ முதல் வாயிலேயே கண்டுபிடித்து, அதையே வேலியாகக் கட்டி, அவளை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து நிம்மதியாகக் கஞ்சி குடித்திருக்கிறார். பாதாம் இன்று ஒரு நாள் விழுங்கியது. இது வருஷா வருஷம் விழுங்கியது.

ஜனவரி நடுவில் கிறிஸ்துமஸ் மரத்தைத் தூக்கி வெளியே எறிகிற நாள் வரும். அன்று மரத்தோடு அவளும் கிளம்பினாள். ஹெல்மர் பஸ் நிறுத்தம்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அங்கே தபால்காரர் மனைவி நின்றிருந்ததால், "போய்ட்டு வாங்க சன்டீனம்மா" என்றார்.

ஆஸ்பத்திரியில் அவள் பேர் வாங்கினாள். தனி அறை, ஞாயிறு விடுமுறை, தன் காசில் வாங்கிய ரேடியோ. ஜாம் காய்ச்சுவதை மட்டும் விட்டுவிட்டாள். யாராவது கேட்டால் கடையில் நல்லதாகக் கிடைக்கிறதே என்பாள்.

அறுபதுகளின் கடைசியில், எங்கிருந்து கிளம்பியதென்றே தெரியவில்லை, நாடு முழுக்க 'நீங்க' செத்துப்போனது. டாக்டரை நர்ஸ் நீ என்றாள், முதலாளியைத் தொழிலாளி நீ என்றான், பாங்கில் பணம் கட்டப் போனால் சின்னப் பெண் நிமிர்ந்து பார்த்து உனக்கு என்ன வேணும் என்றாள். கிளாஸும் வேண்டாம், பேரும் சொல்ல வேண்டாம். இரண்டே வருஷத்தில் எல்லோரும் எல்லோருக்கும் வாரி இறைத்துவிட்டார்கள்.

அப்படி ஒரு செப்டம்பரில் நகரச் சந்தையில் டெக்லா ஹெல்மரைப் பார்த்தாள். கைத்தடி ஊன்றியிருந்தார். குன்வோர் கையைப் பிடித்திருந்தாள். மீன்காரனிடம், "நீ நேத்தே இதைப் பிடிச்சிருப்ப போலிருக்கே" என்று பேரம் பேசிவிட்டுத் திரும்பியவர் அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"அட டெக்லா. நீ எப்படி இருக்க? நீ ஏன் இப்படி இளைச்சுப் போயிட்ட?"

சந்தை நடுவில், மகள் பக்கத்தில் நிற்க, உரக்க, பட்டப்பகலில் சொன்னார். மீன்காரனுக்குச் சொன்ன அதே வாயால்.

"நல்லா இருக்கேன் ஐயா," என்றாள் டெக்லா. "நீங்க சௌக்கியமா?"

குன்வோர் சிரித்தாள். "என்ன டெக்லா நீ, இன்னும் ஐயா, நீங்கன்னுக்கிட்டு? இப்பல்லாம் யாரு அப்படிப் பேசறா? அப்பாவை சும்மா நீன்னே சொல்லு."

"அவரை அப்படிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லம்மா," என்றாள் டெக்லா.

ஹெல்மர் கையிலிருந்த மீன் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.